மூக்கைக் கழுவும் புட்டி: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு எழுதும் மதிப்புரை

நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது 240 மில்லி தண்ணீர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் புட்டியையும், அதனுடன் ஒரே பெட்டியில் வரும் உப்புப் பொட்டலங்களையும்தான். மருந்துக் கடைகளில் இதை ‘நேசல் வாஷ்’ என்றும் ‘நேசல் ரின்ஸ்’ என்றும் சொல்கிறார்கள். பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் செய்து விற்கின்றன. நான் இதுவரை இரண்டு நிறுவனங்களின் புட்டிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன், மூக்குக்குள் போகும் தண்ணீரில் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை. ஆகவே பெயரைச் சொல்லாமல் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அடிக்கடி சைனஸ் எனப்படும் முக எலும்புக் காற்றுக் குழிகளில் தொற்று வந்து, வந்த ஒவ்வொரு முறையும் மாத்திரை வாங்கித் தின்று, அடுத்த முறைக்குக் காத்திருக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

பழைய மரச் சாமான்களைச் செப்பனிட்டு விற்கும் தொழிலில் 20 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்தவர்களுக்கு இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ திறப்பார்கள், முடிந்ததும் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார்கள். பங்காளிகள் பேசிச் சாமான்களை விற்பது என்று முடிவானால் எங்களைக் கூப்பிடுவார்கள். பல ஆண்டுகள் காற்றுப் புகாத அறைகளில் சுண்ணாம்பு உதிரலும் கரையான் மண்ணும் வௌவால் எச்சமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அங்கிருந்து கொண்டுவரும் கதவையும் பெட்டியையும் பட்டறையில் போட்டுப் பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்தால் பர்மா தேக்கின் தூள் மாவாகப் பறக்கும். இந்த இரண்டு தூசிகளையும் என் மூக்கு இத்தனை காலம் வாங்கியிருக்கிறது.

தொல்லை ஒரே மாதிரியாகத்தான் தொடங்கும். முதலில் இரண்டு நாள் தும்மலும் நீர் வடிதலும் இருக்கும். பிறகு மூக்கு ஒரு பக்கமாக அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு கனம் வந்து உட்காரும். குனிந்தால் அந்தக் கனம் முன்னால் சரிந்து மேல்வரிசைப் பல்லெல்லாம் வலிக்கும். பாதுகாத்து வைத்திருந்த ஒரு டைரியைப் பார்த்து எண்ணியபோது, ஒரே ஆண்டில் 5 முறை இப்படி வந்து போயிருந்தது தெரிந்தது. ஐந்து முறையும் வழக்கமாகப் போகும் மருத்துவரிடம் போனேன், ஐந்து முறையும் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த அந்த மாத்திரை எனக்கு மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்துவிடும். எத்தனை நாளாகத் தொல்லை இருக்கிறது, காய்ச்சல் உண்டா, நடுவில் குறைந்து மறுபடியும் ஏறியதா என்று ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

வீட்டு வைத்தியத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டு வேது, அதாவது ஆவி, பிடித்தேன். நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். வேது பிடிக்கும்போது மூக்கு திறப்பதும் தலை இலேசாவதும் உண்மை; ஆனால் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக நான் செய்த தவறு, மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை 3 வாரம் தொடர்ந்து விட்டுக்கொண்டதுதான். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று பெட்டியில் எழுதியிருக்கும் அந்தச் சொட்டு மருந்துகள், மூக்கின் உட்புறத்தில் வீங்கியிருக்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே வழி திறந்துவிடும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் அந்தக் குழாய்கள் முன்னிலும் அதிகமாக வீங்கும். பிறகு மருந்து விட்டால்தான் மூச்சு வரும் என்று ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அதிலிருந்து மீள்வதற்கே 2 வாரம் தேவைப்பட்டது.

அதன் பிறகுதான் மதுரைக்குப் போய் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். அவர் மெல்லிய குழாயை மூக்கில் செலுத்தி எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார். சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களையும் பல் மருத்துவரிடம் காட்டிவரச் சொன்னார். கடைவாய்ப் பல்லின் வேர் கன்னத்துச் சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்பதால், சொத்தைப் பல்லின் சீழ் அங்கே புகுந்து, ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வருவதும் உண்டு என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். என் பற்களில் குறை இல்லை. மூக்கின் நடுச்சுவர் சற்று வளைந்திருந்ததே தவிர, சதை வளர்ச்சியும் இல்லை. ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ தொற்று வந்து, இடைப்பட்ட நாட்களில் முழுச் சுகமாக இருந்தால் அது திரும்பத் திரும்ப வரும் வகை என்றும், 12 வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அது நாள்பட்ட வகை என்றும், என்னுடையது முதல் வகை என்றும் விளக்கினார். அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், தினமும் மூக்கைக் கழுவுங்கள், கழுவிய பிறகு மூக்கின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே அடியுங்கள், தூள் பறக்கும் வேலையில் என்-95 முகக்கவசம் போடாமல் நிற்காதீர்கள் என்றார். கெட்டி மரத்தூள் மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருப்பதையும் அவர்தான் சொன்னார். தேக்கும் அந்தக் கெட்டி மர வகையில் சேர்ந்ததே. இருபது ஆண்டுகளாகத் துண்டைக் கட்டிக்கொண்டு உப்புத்தாள் தேய்த்தவனுக்கு அந்தச் சொல் மிகவும் கனமாக இருந்தது.

புட்டியைக் காரைக்குடியில் தேடியபோது மூன்று கடைகளில் கிடைக்கவில்லை. நான்காவது கடைக்காரத் தம்பி, “அண்ணே, இதை யாரும் கேக்குறதில்லை, ரெண்டு நாள் பொறுங்க, வரவழைச்சுத் தர்றேன்” என்று சொல்லி, சொன்னபடியே தருவித்துக் கொடுத்தார். பெட்டிக்குள் ஒரு மெத்தென்ற புட்டி, அடிவரை இறங்கும் ஒரு குழல், மூக்குத் துவாரத்தில் பொருந்தும்படி உருண்ட முனையுள்ள ஒரு மூடி, உப்புப் பொட்டலங்கள், ஒரு விளக்கத் தாள், இவ்வளவுதான். பொட்டலத்தில் இருப்பது அயோடின் சேராத சுத்தமான சோடியம் குளோரைடும், எரிச்சலைத் தணிக்கச் சிறிதளவு சோடியம் பைகார்பனேட்டும். ஒரு பொட்டலத்தை 240 மில்லி தண்ணீரில் கரைத்தால் நம் உடலின் நீர்மத்துக்கு இணையான உப்பளவு, அதாவது ஏறத்தாழ 0.9 சதவீதம் கிடைக்கும்.

முதல் நாள் கழுவியதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் அந்த முதல் நாள் அச்சத்திலேயே இதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து நின்றேன். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட வேண்டும் என்று தாளில் இருந்தது. நான் இன்னும் ஒரு படி மேலே போய், மெல்லிய குரலில் ‘ஆ...’ என்று இழுத்துக்கொண்டே புட்டியை அமுக்கினேன். வெதுவெதுப்பான தண்ணீர் வலது மூக்கில் ஏறுவது தெரிந்தது. நெற்றிக்குப் பின்னால் எங்கோ ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு இடது மூக்கின் வழியாகத் தொட்டியில் விழுந்தது, அதனோடு பசை போல நீண்ட ஒரு கோழையும் விழுந்தது. ஆற்றில் குளிக்கும்போது தண்ணீர் மூக்கில் ஏறினால் வரும் அந்தச் சுரீரென்ற எரிச்சலை எதிர்பார்த்திருந்தேன், அது வரவேயில்லை. எரிச்சலுக்குக் காரணம் தண்ணீர் அல்ல, உப்பில்லாத தண்ணீர் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பாதித் தண்ணீர் ஒரு பக்கம், மீதிப் பாதி மறுபக்கம். முடிந்ததும் இரண்டு துவாரங்களையும் ஒருசேர அடைக்காமல் மெதுவாகச் சீந்த வேண்டும். பலமாகச் சீந்தினால் தண்ணீர் காதுப் பக்கம் ஏறி அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். கழுவி முக்கால் மணி நேரம் கழித்துக் கடையில் குனிந்து பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கோ தங்கியிருந்த தண்ணீர் மூக்கிலிருந்து சரசரவென்று வடிந்து, எழுதிய பக்கத்தின் மையை அழித்துவிட்டது. சைனஸ் குழிகளில் சிறிது தண்ணீர் நின்று, தலை சாயும்போது வடிவது இயல்புதான். அதனால் இப்போது கழுவி முடித்ததும் தலையை முன்னால் தொங்கவிட்டு இடமும் வலமும் திருப்பி ஒரு நிமிடம் நிற்கிறேன். இரவில் கழுவுவதானால் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுகிறேன்.

வேதும் மாத்திரையும் தராத பயனை உப்புத் தண்ணீர் எப்படித் தருகிறது என்று நானும் யோசித்து, மருத்துவரிடமும் கேட்டேன். முகத்து எலும்புகளுக்குள் நெற்றியிலும் கன்னத்திலும் கண்களுக்கு நடுவிலும் மூக்கின் ஆழத்திலுமாக நான்கு ஜோடிக் காற்றுக் குழிகள் இருக்கின்றன. அவற்றில் ஊறும் சளியை, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கன்னத்துக் குழியின் வாசல் அடியில் இல்லை, உட்பக்கச் சுவரில் மேலே இருக்கிறது. ஆகவே நாம் நிமிர்ந்து நிற்கும்போதெல்லாம் அந்த நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கி ஏற்றியாக வேண்டும். தூசியாலோ ஒவ்வாமையாலோ சாதாரணச் சளிக் காய்ச்சலாலோ வாசலின் சவ்வு வீங்கினால் வழி அடைபடும், சளி தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். வளவின், அதாவது வீட்டு உள்முற்றத்தின், தூம்பு அடைத்துக்கொண்டால் முற்றத்து மழைத்தண்ணீர் தேங்கிப் பாசி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை. உப்புத் தண்ணீர் கிருமியைக் கொல்வதில்லை. வாசலைச் சுற்றி ஒட்டியிருக்கும் தூசியையும் கெட்டிச் சளியையும் அகற்றி, நுண்மயிர்கள் தம் வேலையைச் செய்ய இடம் விடுகிறது. ஆவி அந்த அழுக்கை இளக்குகிறதே தவிர வெளியே எடுத்துப் போடுவதில்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோகும் ஆபத்து வேறு அதில் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி எழுதும்போது சற்றுக் கண்டிப்பாகவே எழுத விரும்புகிறேன். என் பக்கத்துக் கடை அண்ணன் நான் தினமும் தண்ணீர் காய்ச்சுவதைப் பார்த்து, “சம்பை ஊத்துத் தண்ணி தேனாட்டம் இருக்கு, அதைப் போயி காய்ச்சுவாகளாப்பா?” என்று கேட்டார். குடிப்பதற்கு அது தேன்தான். காரைக்குடிக்காரன் யாரும் மறுக்க மாட்டான். ஆனால் குடிக்கும் தண்ணீரில் தப்பிப் பிழைத்து வரும் கிருமியை வயிற்று அமிலம் கவனித்துக்கொள்ளும். மூக்குக்குள் அப்படி எந்தக் காவலும் இல்லை. நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலரி என்ற அமீபா மூக்கின் வழியாக ஏறினால், வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போய்விடும். அந்த மூளைத் தொற்றுக்கு ஆளானவர்களில் பிழைப்பவர் மிகக் குறைவு. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இந்தத் தொற்றால் இறந்தார்கள். 2024-இல் கேரளத்தில் குளத்தில் குளித்த பிள்ளைகள் சிலருக்கு வந்த மூளைத் தொற்றுக்கும் இப்படிப்பட்ட அமீபாதான் காரணம். மிக அரிதான நோய் என்றாலும், ஒரு நிமிடக் கொதிநீரில் தடுத்துவிடக்கூடியதை எதற்காகத் துணிய வேண்டும்? தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், அல்லது டிஸ்டில்டு வாட்டர், இவ்விரண்டைத் தவிர வேறு எதையும் நான் புட்டியில் ஊற்றுவதில்லை. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீர் கிருமியற்றது என்று பலர் நம்புகிறார்கள்; அதையும் காய்ச்சியே பயன்படுத்த வேண்டும்.

பொட்டலங்களின் விலைதான் இந்தப் பொருளின் மேல் எனக்குள்ள முதல் குறை. தினம் இரண்டு வேளை கழுவினால் மாதத்துக்கு 60 பொட்டலம் ஆகிறது. புட்டிக்குக் கொடுத்த பணத்தைச் சில மாதங்களிலேயே உப்பு தாண்டிவிடுகிறது. செலவைக் குறைக்க அடுப்படி உப்பைக் கரண்டியால் கண்ணளவாக அள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் எரிந்தது, மறுநாள் அதைவிட எரிந்தது. நம் வீட்டுத் தூள் உப்பில் அயோடினும், கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் வேறு பொருள்களும் இருக்கின்றன. அளவும் ஒருநாள் போல ஒருநாள் அமைவதில்லை. இப்போது அயோடின் சேராத சுத்த உப்பை வாங்கி, வெள்ளிச் சாமான் நிறுக்கும் சின்னத் தராசில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் என்று நிறுத்துப் போடுகிறேன். தராசு இல்லாதவர்கள் பொட்டலத்தையே வாங்குவது நல்லது. கலந்த தண்ணீரை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்; மிச்சத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

இதன் பயனை நான் முழுமையாக நம்பியது ஒரு குறிப்பிட்ட நாளில். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பல ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டின் அறைகளைத் திறந்தார்கள். முகக்கவசத்தோடுதான் உள்ளே போனேன். ஆனாலும் சாவி தேடும்போதும், வீட்டு ஆச்சியிடம் விலை பேசும்போதும், தண்ணீர் குடிக்கும்போதும் அது கழுத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. காலை முதல் மாலை வரை நின்று பெட்டிகளை இறக்கினோம். முன்பெல்லாம் இப்படி ஒரு நாள் முடிந்தால், மூன்றாம் நாள் கன்னத்தில் கனம் இறங்கிவிடும் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கழுவினேன். வெள்ளைத் தொட்டியில் விழுந்த முதல் தண்ணீர் சாம்பல் கரைத்த நிறத்தில் இருந்தது. நடுவில் சிலந்தி நூல் போல ஒரு கருப்பு இழை மிதந்தது. அடியில் மணல் போன்ற சுண்ணாம்புத் துகள்கள் தங்கின. இரண்டாம் புட்டியில் நிறம் வெளுத்தது. மூன்றாம் புட்டி தெளிவாகவே வந்தது. தொட்டியில் நின்ற அந்தச் சாம்பல் தண்ணீரை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் இருபது ஆண்டுகளாக இப்படிப்பட்ட ஒவ்வொரு நாளும் இத்தனையும் உள்ளே போயிருக்கிறது. மூன்றாம் நாள் வந்தது, ஒன்றும் நேரவில்லை. நான்காம் நாளும் நேரவில்லை.

பதினான்கு மாதங்களில் ஒரே ஒரு முறை தொற்று வந்தது. ஐப்பசி அடைமழையில் வீட்டில் எல்லாருக்கும் சளி பிடித்தபோது எனக்கும் பிடித்து, 10 நாளைத் தாண்டியும் இறங்காமல் காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டியதாயிற்று. அதை எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பெரும்பாலான சைனஸ் தொல்லை வைரஸால் வருவது, தானே வடிந்துவிடும். 10 நாளுக்கு மேல் குறையாமல் நின்றாலோ, குறைந்தது போலத் தோன்றி மறுபடியும் ஏறினாலோ, தொடக்கத்திலேயே கடுங்காய்ச்சலும் முகவலியும் சேர்ந்து மூன்று நான்கு நாள் விடாமல் அடித்தாலோ அந்த மருந்துக்கு இடம் உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சளியின் நிறம் மஞ்சளா பச்சையா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதையும் சொல்லியிருந்தார். இந்தப் பயன் முழுவதும் புட்டிக்கு மட்டும் உரியது என்று நான் சொல்ல மாட்டேன். கழுவிக் கால் மணி நேரம் கழித்து அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கும், பட்டறையில் விடாமல் போடும் முகக்கவசத்துக்கும் பங்கு இருக்கிறது. ஸ்பிரே முழுப் பயனைத் தரச் சில வாரம் ஆகலாம். வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்து, நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கில் இரத்தம் கசியும். கழுவாத மூக்கில் அடித்தால் மருந்து சளியின் மேல் படிந்து, சளியோடு வெளியே போய்விடும்.

எனக்குத் திரும்பக் கிடைத்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது வாசனையை. எந்த மாதம் அது போனது என்றே எனக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயிருந்தது. எங்கள் தொழிலில் பழைய தேக்கைச் சாயம் பூசிய வேறு மரத்திலிருந்து பிரித்தறிய, மறைவான ஓரத்தில் ஒரு சீவல் சீவி முகர்ந்து பார்ப்போம். பர்மா தேக்கு எத்தனை வயதானாலும் உள்ளே எண்ணெய் கசிந்த தோல் போன்ற ஒரு மணம் வைத்திருக்கும். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளாக நான் சீவலைக் கையில் வாங்கிப் பட்டறைப் பையனிடம் கொடுத்து, “நீ பாருப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கழுவத் தொடங்கிய நான்காம் மாதம், காலையில் அடுப்படியில் கல்பாசியும் மராட்டி மொக்கும் வறுபடும் வாசனை கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என்னை வாசலில் நிறுத்தியது. அன்று பட்டறையில் போய் முதலில் செய்தது, ஒரு பழைய கதவு நிலையின் அடியில் சீவி எடுத்து முகர்ந்து பார்த்ததுதான்.

இனிக் குறைகள். புட்டியின் உள்குழலைக் காய வைப்பது பெருந்தொல்லை. வெயில் காலத்தில் கவிழ்த்து வைத்தால் போதும். மழை மாதங்களில் குழலுக்குள் ஈரம் நின்று, என் முதல் புட்டியில் ஆறாம் வாரமே கருப்புப் புள்ளிகள் பிடித்துவிட்டன. அதைத் தூக்கிப் போட்டேன். மூக்கைச் சுத்தம் செய்யும் பொருளே கிருமிக்கு வீடாகிவிட்டால் என்ன பயன்? இப்போது மூடி, குழல், புட்டி மூன்றையும் தனித்தனியே பிரித்து, சோப்பு நீரில் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, மெல்லிய துணி விரித்துக் காய வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிது வாங்கிவிடுகிறேன். புட்டியில் 240 மில்லி அளவைக் காட்டும் கோடு அச்சடித்ததாக இருப்பதால் நாளடைவில் அழிந்துபோகிறது. அச்சிடாமல் வார்ப்பிலேயே பதித்திருக்கலாம். கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றினால் வடிவம் குலைந்துவிடும்.

யோகா வகுப்புகளில் தரும் நேத்திக் குவளையையும் முன்பு ஒரு மாதம் பயன்படுத்தியிருக்கிறேன். அதில் தண்ணீர் தன் பாரத்தால் மட்டுமே ஓடும். தலையை நன்றாகப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மூக்கு ஓரளவு திறந்திருக்கும் நாளில் அது இதமாக இருக்கும், அடைத்திருக்கும் நாளில் தண்ணீர் நகராது. எனக்குக் கிடைத்தது பித்தளையில் செய்தது. பித்தளையை நாள்தோறும் கையாளும் நான் சொல்கிறேன், உப்புத் தண்ணீர் பட்ட பித்தளையில் களிம்பு ஏறாமல் இருக்காது; குவளைதான் விருப்பம் என்றால் பீங்கானிலோ எவர்சில்வரிலோ வாங்குங்கள். சிறு ஸ்பிரே புட்டியில் விற்கும் உப்பு நீர் மூக்கை ஈரமாக வைக்கத்தான் உதவும், என் பட்டறைத் தூளை அது வெளியேற்றாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்தபோது வழியில் தண்ணீர் காய்ச்ச வசதி இல்லாததால், மருந்துக் கடையில் கிடைக்கும் 500 மில்லி நார்மல் சலைன் என்ற உப்பு நீர்ப் புட்டிகளை வாங்கி, மூடி திறந்தது அந்த நாளிலேயே தீரும்படி பயன்படுத்தினேன். பனியில் நடந்தும் மூக்கு அடைக்காமல் போய்ச் சேர்ந்த முதல் யாத்திரை அதுதான்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. மூக்கு முழுவதுமாக அடைத்து ஒரு சொட்டும் போகாத நிலையிலும், காதில் தொற்று இருக்கும்போதும், மூக்கிலோ காதிலோ அறுவை செய்துகொண்டு மருத்துவர் அனுமதி தராத நிலையிலும் புட்டியை அமுக்கக் கூடாது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது வீட்டில் கழுவிக்கொண்டிருக்கும் விஷயம் அல்ல, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள் மூக்கில் கருப்பு நிறத்தில் பொருக்குக் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. 2021-இல் கரும்பூஞ்சை எத்தனை பேரின் கண்ணையும் உயிரையும் கொண்டுபோனது என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு மனக்குறை. பெட்டியிலுள்ள விளக்கத் தாளில் தமிழ் இல்லை. தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்ற, உயிரோடு தொடர்புடைய அந்த ஒரு வரியாவது தமிழில் இருந்திருக்க வேண்டும். என் பட்டறையில் வேலை செய்யும் மூன்று பேருக்கும் நான் ஆளுக்கொரு புட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்; அவர்கள் ஆங்கிலத் தாளைப் படிக்க முடியாது. ஆகவே நானே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பட்டறைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அதில் ‘தண்ணீரைக் கொதிக்க வை’ என்பது முதல் வரியாகவும், ‘ஆறட்டும்’ என்பது இரண்டாம் வரியாகவும் இருக்கின்றன. உப்பு மூன்றாவதாகத்தான் வருகிறது.